மலைச்சரிவில் வீடு: முதல் பத்து நாள்தான் முக்கியம்

கேள்வி இதுதான். கோவையில் இருந்து அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகிறீர்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் 25 சென்ட் தேயிலை நிலம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். நல்ல சரிவு, அடியில் சின்ன ஓடை, எதிரே பள்ளத்தாக்கு. அதில் 1,800 சதுர அடியில், இயற்கைக்குக் கேடு வராத ஒரு வீடு கட்ட வேண்டும் என்று ஆசை. சோலார், மண் கல், மழைநீர் சேகரிப்பு, சுட்ட ஓடு இதெல்லாம் யோசித்துவிட்டேன், வேறு என்ன கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் பட்டியல் நல்ல பட்டியல்தான். ஆனால் அதில் இருப்பது எல்லாமே தரைக்கு மேலே உள்ள விஷயம். இருபது வருடத்துக்கு மேலாக நீலகிரியில் வீடு கட்டிக்கொடுத்தும், விரிசல் விட்ட வீடுகளைப் பார்த்துச் சொல்லியும் வருகிறேன். மலையில் ஒரு வீடு செய்யும் கெடுதலில் பெரும்பகுதி, அஸ்திவாரம் போடுவதற்கு முன்னால், மண் வெட்டும் முதல் பத்து நாளிலேயே நடந்து முடிந்துவிடும். அந்தப் பத்து நாளில் தவறிவிட்டு மேலே எத்தனை சோலார் தகடு வைத்தாலும் அது ஈடாகாது. அதனால் நான் மண்ணையும் தண்ணீரையும் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். மண் கல்லையும் ஓடுகளையும் கடைசியில் பார்ப்போம்.

முதலில் அந்த மண் என்ன மண் என்று தெரிந்துகொள்ளுங்கள். நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். கல் என்னவோ உறுதியானதுதான். ஆனால் லட்சக்கணக்கான வருட மழையிலும் வெயிலிலும் மேல்பகுதி மக்கி, பல இடங்களில் பத்து மீட்டர், இருபது மீட்டர் ஆழத்துக்கு வெறும் மண்ணாகவே இருக்கிறது. மேலே செம்மண். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையும் கலந்த களி. வெட்டின இடத்தில் அந்த வெள்ளைக் களியை ஒரு பிடி எடுத்துத் தண்ணீர் தொட்டு விரலில் தேய்த்துப் பாருங்கள், சோப்பு மாதிரி வழுக்கும். காய்ந்திருக்கும்போது கடப்பாரை போட்டாலும் இறங்காத அதே மண், நான்கு நாள் விடாமல் மழை பெய்தால் தன் எடையையே தாங்காது. ஜனவரியில் நிலம் பார்க்க வருபவர்கள் "மண் கல்லு மாதிரி இருக்கே சார்" என்பார்கள். நவம்பரில் வந்து பார்க்க வேண்டும் அதை.

இனி வெட்டும் கணக்கு. உங்கள் நிலம் சுமார் 20 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்வோம். கோத்தகிரி, குன்னூர் பக்கம் இது சாதாரணம். சமவெளியில் வரைந்த பிளானை அப்படியே கொண்டு வந்து, 10 மீட்டர் அகலமும் 14 மீட்டர் நீளமும் உள்ள ஒரு சமதளத்தை முழுக்க மலையைக் குடைந்தே எடுத்தால், பின்பக்கம் 3.6 மீட்டர், அதாவது 12 அடி உயரத்துக்கு நேர் செங்குத்தான மண் சுவர் நிற்கும். வெளியே வரும் மண் 250 கன மீட்டருக்கு மேல். டிப்பரில் முப்பது லோடைத் தாண்டும். அதே வீட்டை 5 மீட்டர் அகலமுள்ள இரண்டு படிகளாகப் பிரித்து, ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்தால், ஒவ்வொரு படிக்கும் பின்னால் 6 அடி வெட்டுதான். மொத்த மண்ணும் பாதியாகக் குறையும். படியாக்காமல் அதே 5 மீட்டர் அகலத்தில் மலையின் குறுக்கே நீளவாக்கில் கட்டினாலும் கணக்கு அதேதான். மலைக்குள் போகும் ஆழம் குறையக் குறைய வெட்டும் வேகமாகக் குறையும்.

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கோத்தகிரியைச் சுற்றி எந்த ஹட்டிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். படுகர் ஊர்களில் பழைய வீடுகள் எல்லாம் ஒரே வரிசையாக, ஒன்றின் சுவரை அடுத்தது பங்கிட்டுக்கொண்டு, மலையின் சம உயரக் கோட்டை ஒட்டியே ஓடும். அகலம் கொஞ்சம், நீளம் அதிகம். ஊர் அமைந்திருப்பதும் பெரும்பாலும் மலையின் தோளில். பள்ளத்தின் வாயில் பழைய வீட்டு வரிசையைப் பார்ப்பது அரிது. சதுப்பையும் ஓடையையும் மாட்டுக்கும் விவசாயத்துக்கும் விட்டுவிட்டு, வீட்டைத் தள்ளி மேலே வைத்தார்கள். நான் பொறியியல் படித்துவிட்டு வந்து பத்து வருடம் கழித்துத்தான் அந்த வரிசை வீடுகளை ஒழுங்காகப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும்.

வெட்டிய மண்ணை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. நிலத்திலேயே கீழ்ப்பக்கம் தள்ளிச் சமன்படுத்திவிடலாம் என்று மேஸ்திரி சொல்வார். செலவு மிச்சம் என்பதால் உடனே சரி என்று சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். கொட்டின மண் ஒரு காலத்திலும் இயற்கையான மண் ஆகாது. பாதி வீடு வெட்டின தரையிலும் பாதி வீடு கொட்டின தரையிலும் நின்றால், இரண்டாவது மழைக்காலத்தில் தரையில் ஒரு விரிசல் வரும். வெட்டும் கொட்டும் சந்திக்கிற அந்தக் கோட்டிலேயே, அளவெடுத்துப் போட்டது மாதிரி நேராக வரும். முதலில் ஐந்து ரூபாய் நாணயம் நுழையும். அடுத்த வருடம் விரல் நுழையும். டைல்ஸை மாற்றிப் பூசி மறைக்கிறார்கள், மறுபடியும் வருகிறது. அடியில் இருக்கும் மண் நகர்ந்துகொண்டிருக்கும்போது மேலே பூசி என்ன பயன்?

கொட்டுகிற மண்ணுக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். மலையில் எல்லோருக்கும் கீழே ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் அது தோட்டத் தொழிலாளர்களின் ஒரு லைன் வீடு, அல்லது இலங்கையில் இருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பங்களின் குடியிருப்பு, அல்லது ஒரு மாட்டுக் கொட்டகை.

மாட்டுக் கொட்டகை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குன்னூர் பக்கம் நான் ஆரம்ப காலத்தில் கட்டின ஒரு வீட்டில் பின்பக்கம் 11 அடி வெட்டு. அதற்குக் காங்கிரீட் தடுப்புச் சுவர் போட்டோம். தண்ணீர் கசிந்து வெளியேற வைத்த குழாய்த் துளைகள் அசிங்கமாகத் தெரிகின்றன என்று வீட்டுக்காரர் சொல்ல, பூச்சு வேலையின்போது பாதித் துளைகளை அடைத்துவிட்டார்கள். நான் பார்த்தேன், மறுபடி குத்தித் திறக்கச் சொல்லவில்லை. சுவருக்குப் பின்னால் ஜல்லியும் போடவில்லை, வெட்டின மண்ணையே திரும்ப நிரப்பியிருந்தோம். 2009 நவம்பர் மழையில் அந்தச் சுவர் பின்னால் தேங்கின தண்ணீருக்கு அணைக்கட்டாக மாறி, ஒரு ராத்திரியில் முன்னால் சாய்ந்தது. வீட்டைத் தாண்டிய சேறு கீழே இருந்த கொட்டகையில் இறங்கி ஒரு பசுவும் கன்றும் போயின. மனிதர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அதிர்ஷ்டம் மட்டும்தான். அந்த வாரம் கேத்தியில் ஒரே நாளில் பதிவான மழை 82 சென்டிமீட்டர். மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மழைமேல் பழியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அதே தெருவில், வெள்ளைக்காரன் காலத்தில் சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் அடுக்கின கருங்கல் சுவர் ஒன்று அப்படியே நின்றது. அதில் ஒவ்வொரு இடுக்கு வழியாகவும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்ததை நின்று பார்த்தேன்.

அதனால் தடுப்புச் சுவரைப் பற்றி இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முடிந்தால் ஒரே உயரச் சுவர் வேண்டாம். ஐந்தடி சுவர், அப்புறம் ஒரு திண்ணை அளவு இடைவெளி, அப்புறம் இன்னொரு ஐந்தடி என்று படியாக ஏற்றுங்கள். கம்பி வலைக்குள் கல் நிரப்பிக் கட்டும் கேபியன் சுவர் மலைக்கு நன்றாகப் பொருந்தும், கொஞ்சம் அசைந்து கொடுக்கும், தண்ணீரையும் விடும். காங்கிரீட்டோ காரைக்கட்டோதான் என்றால், சுவருக்குப் பின்னால் குறைந்தது ஒரு அடி அகலத்துக்கு ஜல்லி, அடியில் ஓட்டை போட்ட குழாய், முகத்தில் நாலைந்து அடிக்கு ஒன்றாகத் துளைகள். மழை நாளில் அந்தத் துளைகளில் தண்ணீர் வருகிறதா என்று குடையோடு போய்ப் பாருங்கள். வந்தால் நிம்மதியாக இருக்கலாம். நல்ல மழையிலும் காய்ந்தே கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வெட்டும்போது நடப்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 பிப்ரவரி 7, ஊட்டி லவ்டேல் காந்தி நகர். வீடு கட்டும் இடத்தில் தடுப்புச் சுவருக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மேலே இருந்த பழைய கழிப்பிடக் கட்டடம் மண்ணோடு சரிந்து விழுந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தார்கள். மாதத்தைக் கவனியுங்கள், பிப்ரவரி. மழையே இல்லை. செங்குத்தாக வெட்டின மண்ணுக்கு விழ மழை தேவையில்லை, மேலே கொஞ்சம் பாரம் இருந்தால் போதும். உங்கள் வீட்டுக்கு வேலை செய்ய வருபவர்களும் இப்படிப்பட்ட பெண்கள்தான், தினக்கூலிக்கு வந்து கூடையில் மண் அள்ளுபவர்கள். அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆறேழு அடி நீளத்துக்கு மட்டும் வெட்டு, அதில் சுவரை ஏற்றிவிட்டு அடுத்த துண்டை வெட்டு. நடுவில் ஒரு துண்டு விட்டு ஒரு துண்டு. வெட்டின முகத்தைச் சாய்வாக்கு, இல்லையென்றால் பலகையும் முட்டும் கொடு. ஆள் உள்ளே இருக்கும்போது மேலே மண் குவிக்காதே, லாரி நிறுத்தாதே. இதற்கு நாள் கூடும், கூலி கூடும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, தண்ணீர்.

மழைநீர் சேகரிப்பு என்று எழுதியிருந்தீர்கள். கோவையில் மொட்டை மாடித் தண்ணீரைக் குழாயில் இறக்கி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு உறிஞ்சு குழியில் விடுகிறோம், நல்லது. மலைச்சரிவில் அதைச் செய்யாதீர்கள். வீட்டை ஒட்டிய மண்ணுக்குள் தண்ணீரை இறக்குவது, அந்த வழுக்குக் களியைத் தேடிப் போய் நனைப்பதற்குச் சமம். இங்கே மழைநீர் தொட்டியில் சேர வேண்டும், மீதி பத்திரமாக ஓடைக்குப் போக வேண்டும். 1,500 சதுர அடிக் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் 14,000 லிட்டர். வடகிழக்குப் பருவத்தில் கோத்தகிரியில் ஒரே நாளில் இவ்வளவு பெய்வது ஆச்சரியமே இல்லை. அதைக் கூரை விளிம்பில் அப்படியே கொட்டவிட்டால் கீழே எங்கே அரிக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இந்த மாவட்டத்தில் ஆழ்துளைக் கிணறு போடவும் கட்டுப்பாடு உண்டு. ஜனவரி முதல் ஏப்ரல் வரை நூறு நாளுக்கு, வந்து போகிறவர்களையும் சேர்த்து நான்கு பேருக்கு, தினம் 400 லிட்டர் வீதம் 40,000 லிட்டர் வேண்டும். அதில் பாதியையாவது தொட்டியில் பிடித்து வையுங்கள். ஒன்று ஞாபகம் இருக்கட்டும், 20,000 லிட்டர் தொட்டி என்பது 20 டன். அதைக் கொட்டின மண்ணிலோ, வெட்டின சுவரின் உச்சியிலோ வைக்கக் கூடாது. வெட்டின உறுதியான தரையில், வீட்டின் பக்கவாட்டில் வையுங்கள்.

வீட்டுக்கு மேலே இருந்து வரும் தண்ணீருக்கு, வெட்டின இடத்துக்குச் சில மீட்டர் முன்பாகவே குறுக்கே ஒரு வாய்க்கால் வேண்டும். கல்லோ சிமெண்டோ பாவியது. வெறும் மண் வாய்க்கால் என்றால் அதுவே தண்ணீரை உள்ளே இறக்கிவிடும். அங்கிருந்து நிலத்தின் ஓரமாகப் படிப்படியாக இறக்கி ஓடையில் சேருங்கள். பக்கத்து நிலத்துக்குத் திருப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். மலையில் அண்டை வீட்டுச் சண்டைகளில் பாதி அதில்தான் ஆரம்பிக்கிறது.

கழிவுநீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதே 400 லிட்டரைக் கணக்கு போடுங்கள். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் லிட்டர், மழையோ வெயிலோ தினமும், ஒரே இடத்தில் மலைக்குள் இறங்குகிறது. இதை நான் மெதுவான மழை என்பேன். ஒரு சரிவில் முப்பது வீடு, முப்பது உறிஞ்சு குழி என்றால் அந்த மலை வருடம் முழுக்க உள்ளே நனைந்தே இருக்கிறது. பருவமழை வரும்போது அதற்கு உறிஞ்ச இடமே இல்லை. கீழே ஊற்றுத் தண்ணீர் குடிக்கிறவர்களுக்கு அந்தக் கழிவும் போய்ச் சேர்கிறது. ஆகவே செப்டிக் டேங்க் கசியாததாக இருக்கட்டும். இங்கே குளிரில் நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்யும், அதனால் கோவையில் போடுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். அதிலிருந்து வரும் தண்ணீரை, அடியில் ஷீட் விரித்த ஜல்லிப் படுகையில் கல்வாழை, நாணல் நட்டு வடியவிட்டு, தோட்டத்தில் பல இடமாகப் பரப்பிவிடுங்கள். ஒரே குழியில் இறக்காதீர்கள். குறிப்பாக, வெட்டின சுவருக்கு மேல்பக்கம் உறிஞ்சு குழி வேண்டவே வேண்டாம்.

இப்போது அந்த ஓடை. விளம்பரத்தில் அதுதான் அழகு என்று போட்டிருப்பார்கள். எனக்கு அதுதான் முதல் பயம். வயநாட்டில் 2024 ஜூலை 30 அன்று முண்டக்கையிலும் சூரல்மலையிலும் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்கள் வீடு இருந்த நிலம் சரியவில்லை. மேலே, காட்டுக்குள் வெகு தூரத்தில் மலை உடைந்து, ஓடையின் வழியாகப் பாறையும் மரமும் சேறும் வந்து விழுந்தன. மூணாறுக்குப் பக்கத்தில் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, தேயிலைத் தோட்ட லைன்களில் தூங்கிக்கொண்டிருந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் போனார்கள். இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று நடந்ததும் தோட்ட லைன்களில்தான். அந்த லைன்களை எங்கே கட்டுவது என்று முடிவு செய்தவர்கள் அங்கே தூங்கவில்லை. ஓடையோரம் நிலம் தட்டையாக, கட்ட வசதியாக இருக்கும். அது ஏன் தட்டையாக இருக்கிறது என்றால், பல பழைய சரிவுகளின் மண் அங்கே வந்து தங்கியதால்தான். உங்கள் 25 சென்ட்டில் ஓடையை ஒட்டிய பகுதி சமமாக இருந்தால் அங்கே வீட்டை வைக்காதீர்கள், சதுப்பாகவோ புல்லாகவோ விட்டுவிடுங்கள். ஓடையின் போக்கிலேயே மேலே ஒன்றிரண்டு கிலோமீட்டர் நடந்து பாருங்கள். மேலே யாராவது சாலை வெட்டியிருக்கிறார்களா, ஓடையை அடைத்துக் குளம் கட்டியிருக்கிறார்களா, காடு இருக்கிறதா, மொட்டையா என்று தெரிந்துவிடும்.

காரைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு வாசல் வரை கார் போக வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக, வீட்டுக்கு வெட்டுவதைவிட இரண்டு மடங்கு மண்ணை வெட்டுகிறார்கள். நான் எப்போதும் சொல்வது, காரை மேலே சாலையோரம் விட்டுவிட்டு நாற்பது படி இறங்குங்கள். முழங்கால் வலி என்றால் வீட்டையே சாலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கீழ் நிலத்தைத் தொடாமல் விடுங்கள். எதிரே தெரியும் பள்ளத்தாக்கு மேலே இருந்தும் தெரியும்.

சட்டத்துக்கு வருவோம். மலைக் கிராமங்களில் லே-அவுட்டுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் 1990-இல் ஏற்பட்ட மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடு உண்டு. ஊரில் ஹாக்கா என்பார்கள். வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை இவர்களின் தடையின்மைச் சான்று அதில் கேட்கப்படும். தனி வீடு என்றால், நீலகிரியில் 1,500 சதுர அடிவரை உள்ளாட்சியிலேயே பிளான் அனுமதி வாங்கலாம். அதற்கு மேல் ஆட்சியர் தலைமையிலான குழுவுக்குப் போக வேண்டும். 1993 மலைநகர்க் கட்டட விதிகளில் 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு வைத்தார்கள். இவற்றில் அவ்வப்போது திருத்தம் வரும், விண்ணப்பிக்கும்போது அலுவலகத்தில் நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஜேசிபி இறக்க முன் அனுமதி வேண்டும். ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அந்த ஆளோடு வேலையே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சொந்தப் பட்டா நிலத்து மரம் என்றாலும், 1955 மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது.

1,800 சதுர அடி வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். இரண்டு பேர் வாழப்போகிற வீடு. 1,400-இல் அழகாக முடியும். காகித வேலை குறையும் என்பதற்காகச் சொல்லவில்லை. மலையில் குறைகிற ஒவ்வொரு நூறு சதுர அடியும் வெட்டாமல் விட்ட மண், பின்னாளில் சூடாக்க வேண்டியிராத அறை.

கூடலூர், பந்தலூர் பக்கம் யாராவது விலை குறைவாக நிலம் காட்டினால் பிரிவு 17 நிலமா, அதாவது உரிமை யாருக்கு என்று முடிவாகாத நிலமா என்று முதலில் கேளுங்கள். 1969 ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் இருந்து தொடரும் சிக்கல் அது, உங்கள் காலத்தில் தீராமலே போகலாம். மசினகுடி, சீகூர் பக்கம் என்றால் யானை வழித்தடம். அங்கே கட்டின விடுதிகளின் கதை உச்ச நீதிமன்றம்வரை போய், 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பாயிற்று.

செடி விஷயத்தில் ஒரு தவறு எல்லோரும் செய்கிறார்கள். நிலம் வாங்கின மறுநாளே தேயிலையை முழுக்கப் பிடுங்கிவிட்டுப் புல்தரை போடுகிறார்கள். தேயிலை இந்த மலைக்கு வந்த செடிதான், சோலையையும் புல்வெளியையும் அழித்துத்தான் வந்தது. ஆனால் இன்றைக்கு அந்த மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் வேர்தான். கட்டடம் வரும் இடத்தில் மட்டும் எடுங்கள். மீதியை விட்டு, இடையிடையே நாவல், காட்டுப் பூவரசு போன்ற சோலை மரக் கன்றுகளை வையுங்கள். அவை வளர்ந்து நிழல் கட்டின பிறகு தேயிலையைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம். உண்ணிச்செடி, இங்கே சீகை என்று சொல்லும் வாட்டில் மாதிரி அன்னியச் செடி இருந்தால் வேரோடு பிடுங்காமல் அடியில் வெட்டி, தழையும்போது மறுபடி வெட்டிக்கொண்டே இருங்கள். தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களையும் உற்றுப் பாருங்கள். அடிமரம் கீழ்ப்பக்கமாகச் சாய்ந்து, பிறகு வளைந்து நேராக மேலே போயிருந்தால், அங்கே மண் பல வருடமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு மரம் மட்டும் என்றால் விடுங்கள். வரிசையாக எல்லாமே அப்படி என்றால் அந்த நிலம் வேண்டாம்.

காட்டு மாடு வரும். கோத்தகிரியில் கரடியும் வரும், கூரையேறிச் சமையலறைக்குள் புகுந்த கதை எல்லாம் உண்டு. முள்கம்பி வேலி போட்டால் காட்டு மாட்டின் வயிறு கிழிகிறது, நானே பார்த்திருக்கிறேன். வீட்டைச் சுற்றி மட்டும் உயிர்வேலி போதும். ஓடைப் பக்கத்தைத் திறந்துவிடுங்கள், அது அவற்றின் வழி. குப்பையையும் சாப்பாட்டு மிச்சத்தையும் வெளியே வைக்காதீர்கள். ராத்திரி முழுக்க எரியும் பெரிய விளக்கு வேண்டாம்.

வீட்டைப் பற்றி சொல்ல அதிகம் இல்லை. மண் கல் நல்லது, வெட்டின அடிமண்ணிலேயே ஐந்து முதல் எட்டு சதவீதம் சிமெண்ட் கலந்து அழுத்தி எடுக்கலாம், மண்ணை வெளியே கொண்டுபோகும் லோடும் குறையும். களி அதிகமாக இருந்தால் மணல் சேர்க்க வேண்டும், பரிசோதித்துவிட்டுச் செய்யுங்கள். மேல்மண்ணைத் தனியே எடுத்துத் தோட்டத்துக்கு வையுங்கள், கல்லுக்குப் போடாதீர்கள். கூரை கனமில்லாமல் இருக்கட்டும். உட்காரும் அறைக்குக் காலை வெயில் வரும்படி வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் அதன் அருமை தெரியும். முழுக் கண்ணாடிச் சுவர் படத்தில் அழகு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டே மின்சாரம் போகும், குருவிகளும் மோதிச் சாகும்.

ஒரு தோட்டத்தை முழுக்க வாங்கி முப்பது வில்லா போட்டு "ஈகோ" என்று பெயர் வைத்து விற்கிறார்களே, அதில் ஒன்றை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பெயரை விட்டுவிடுங்கள். போய் அவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள். சாலைக்கு எவ்வளவு மண் வெட்டினீர்கள், அது எங்கே போயிற்று? முப்பது வீட்டுக் கழிவுநீர் எங்கே போகிறது? சரிவின் அடியில் குடியிருப்பவர்களிடம் பேசினீர்களா? வீடுகளை ஒரு தோளில் நெருக்கமாக வைத்து, மீதிச் சரிவை முழுசாகத் தொடாமல் விட்டிருந்தால் அது நல்ல திட்டம். எல்லோருக்கும் தனித்தனியாக வியூ வேண்டும் என்று மலை முழுக்கப் படி வெட்டியிருந்தால், நான் வாங்க மாட்டேன்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் பழைய வீடுகள் நிறைய விலைக்கு வருகின்றன. நாற்பது, ஐம்பது பருவமழை பார்த்துவிட்டு நிற்கிற வீடு என்றால் அந்த மண்ணைப் பற்றி எந்தப் பரிசோதனையும் சொல்லாததை அது சொல்லிவிடுகிறது. புதிதாக ஒரு கூடை மண்கூட வெட்ட வேண்டாம். கூரை ஓடுகளை மாற்றி, வடிகாலைச் சரிசெய்து, கழிவுநீருக்கு வழி பண்ணினால் போதும். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் தேடுவேன்.

அந்த 25 சென்ட்தான் வேண்டும் என்றால் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பு மாவட்ட நிர்வாகம் சொல்லும் அபாய இடங்களின் பட்டியல் 283 இடங்களைக் கொண்டது. உங்கள் சர்வே நம்பர் அதற்குள்ளோ பக்கத்திலோ வருகிறதா என்று வருவாய் அலுவலகத்தில் விசாரியுங்கள். மேல்பக்கம், நடு, கீழ்ப்பக்கம் என்று மூன்று இடத்தில் ஆள் உயரத்துக்கும் மேலாகக் குழி எடுத்து, மண்ணின் நிறம் எங்கே மாறுகிறது, எந்த ஆழத்தில் ஈரம் தெரிகிறது என்று குறித்துவையுங்கள். ஆள் இறங்கும்போது பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுங்கள், குழியைப் பார்த்ததும் மூடிவிடுங்கள். அப்புறம் நவம்பரில், நாலு நாள் தொடர்ந்து பெய்த பிறகு, குடையும் அட்டைக்குப் பயந்து உப்பும் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் போங்கள். கீழ்வீட்டில் இருக்கிற பெரியவரையோ அம்மாவையோ பார்த்து, 2009-இல் இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் வந்தது என்று கேளுங்கள். அவர்கள் கை காட்டும் திசையை நில அளவை வரைபடமான எஃப்.எம்.பி. ஸ்கெட்சில் பென்சிலால் கோடு போட்டு எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டை எங்கே வைக்கலாம் என்று பேசுவோம்.